குடிக்காதவரின் ஈரல்

ஈரலில் கட்டி என்று சொன்ன அன்றே பஸ் டிரைவரைக் குடிகாரனாக்கிவிட்டார்கள். பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைத்தான் பார்த்தார், ஆளின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய் என்று கேட்டார். ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று இவர் சொன்னதும் நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எல்லாரும் சொல்வதுதானே!

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் வண்டியெடுக்கும் முன் டிப்போவில் குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மிஷின் குழாயில் வாய்வைத்து ஊதிக் காட்டுகிற மனுஷர். அந்த மிஷின் ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதில்லை. மனுஷர்களுக்கு மிஷினின் புத்திகூட இல்லையென்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? மச்சினன் வந்து, போனது போகட்டும், இனியாவது உடம்பைப் பாருங்கள் என்று உபதேசம் பண்ணிவிட்டுப் போனான். மனைவி அதற்குத் தலையாட்டினாள். அதுதான் அவரை இன்னும் எரித்தது.

பேர் கெட்டதோடு போனால் பரவாயில்லை, உயிரும் அல்லவா போகப் பார்த்தது. குடியால் சுருங்கிய ஈரலில் கட்டி வந்தால் ஸ்கேனை வைத்தே ஈரல் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடலாமாம். சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லையாம். பெரிய டாக்டர் அப்படித்தான் முடிவு கட்டினார். ஆபரேஷன் முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றும் சொல்லியாயிற்று.

டிரைவர் கட்டிலைவிட்டு இறங்க மறுத்தார்.

"நான் குடிக்கலைன்னு ஒருத்தராவது நம்புங்க. அப்புறம் என்னைச் சாகச் சொல்லுங்க."

அவர் போட்ட கத்தலில் பக்கத்து வார்டு டாக்டரம்மா வந்து ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். ஈரல் சுருங்கிய அடையாளமே இல்லை. ஈரல் புற்றில் பெரும்பாலும் ரத்தத்தில் ஏறுகிற புரத அளவும் ஏறவில்லை.

"நீங்க சொல்றது நிஜம்னா இது வேற நோயா இருக்கலாம். ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடுவோம்," என்றார்.

ஊசியில் வந்த துணுக்கில் இருந்தது நிணநீர்ப் புற்று. வழக்கமாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டிக்கொண்டு வருவது, எங்கோ ஒருவருக்கு மட்டும் ஈரலிலேயே கிளம்புமாம். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்து, எலும்பு மஜ்ஜையையும் சோதித்து, வேறெங்கும் இல்லை என்று உறுதி செய்தார்கள். மருந்து ஏற்றினால் கரைய நல்ல வாய்ப்பு உண்டு என்றார்கள்.

முதல் மருந்து ஏறும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இனிமே தொடமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"பண்ணமாட்டேன்டி. தொட்டிருந்தாத்தானே விடறதுக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். இவர் இன்னும் திருந்துகிற மாதிரி தெரியவில்லை என்று தன் தம்பியிடம் அவள் சொன்னது டிரைவரின் காதில் விழுந்தது.