காண்ட்ராக்ட் நடவும் எதிர்வீட்டு அக்காவும்

சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊர் எனக்கு. பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நெல் நடவுக்குப் போகிறவள் நான். யார் கழனிக்குப் போகிறோம், யார் யார் வரவேண்டும் என்று சொல்வது நான்தான். அதனால் இதில் நடந்த கேவலத்துக்கும் நான்தான் பொறுப்பு.

நாள் கூலிக்கு நட்டபோது மெதுவாகத்தான் நடுவோம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? வேகமாக நட்டாலும் அதே கூலிதான். மூன்று நாள் வேலை நான்கு நாளானால் எங்களுக்கு லாபம். கழனிக்காரர் வரப்பில் நின்றால் குனிவோம், டீ குடிக்கப் போனால் நிமிர்வோம்.

எதிர்வீட்டு அக்காவும் எங்களோடு வருவாள். முட்டி தேய்ந்தவள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைக்கவே அவளுக்கு நேரமாகும். அவள் பின்தங்கினால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் கையை நீட்டி அவள் இடத்திலும் நாலு குத்து நாற்று வைத்துவிடுவோம். யாரும் யாரிடமும் சொல்லிச் செய்ததில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நடவுக்கு வந்தால்தான் சோறு. எங்களை நாங்கள் நல்லவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நாங்கள் வழக்கமாக நடும் ஒரு கழனிக்காரர், நாள் கூலி வேண்டாம், ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசினார். "ஒத்துக்கலன்னா சொல்லிடுங்க, மலையிலேர்ந்து வேன்ல ஆள் ஏத்தியாந்துக்குறேன்" என்றார். ஒத்துக்கொண்டோம்.

முதல் நாள் எங்கள் வேகத்தை நாங்களே நம்பவில்லை. வெற்றிலை போடக்கூட ஒருத்தியும் வரப்பேறவில்லை. அக்கா மட்டும் பழையபடி பின்னால் நின்றாள். ஒருத்தியும் கை நீட்டவில்லை.

எங்களில் சின்னவள் வாய்த்துடுக்கு. "யக்கா, இன்னா சேத்துல பூஜை பண்ணிக்கினு கீற?" என்று கத்தினாள்.

"உன் வயசுல நான் உன்ன மாதிரி ரெண்டு பேர் வேல பாத்தவடி" என்றாள் அக்கா.

"அது அப்போ. இப்ப பங்கு மட்டும் சமமா வேணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். "யக்கா, நாளிக்கு நீ வரவேணாம்."

"ஏன், எவளா எதனா சொன்னாளா?"

"காண்ட்ராக்ட்டாச்சே யக்கா. வேகம் வேணும்."

"அப்ப கூலிக்குன்னா மட்டும் நான் வேணுமா?"

தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த நடவு முழுக்க அவளுக்கு வேலை இல்லை. எங்கே போய் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

காண்ட்ராக்ட்டில் சீக்கிரம் முடித்தால்தான் லாபம். அதனால் அகல அகலமாக நட்டுவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துக் கழனிக்காரர் தெருவில் நின்று கத்தினார். "நட்டீங்களா, தெளிச்சிட்டுப் போனீங்களா? ரெண்டு குத்துக்கு நடுவுல எருமை படுத்துக்கும் போல கீது!"

சின்னவள் விடவில்லை. "ஏக்கருக்குத்தானே பேசினீங்க? குத்துக்கா பேசினீங்க?"

அந்த ஆளுக்கு இது வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதுதான் நினைப்பு. அடுத்த நடவுக்கு அவர் நாள் கூலிக்கே திரும்பிவிட்டார்.

நான் அக்காவைக் கூப்பிடப் போனேன். "நாளிக்கு நடவு யக்கா, வா."

"கூலியா, காண்ட்ராக்ட்டா?"

"கூலிதான்."

வந்தாள். வழக்கம்போலப் பின்தங்கினாள். பக்கத்தில் நின்ற சின்னவள் கையை நீட்டி அவள் இடத்தில் ஒரு குத்து வைத்தாள். அக்கா அதைப் பிடுங்கிச் சின்னவள் காலடியிலேயே போட்டாள்.

"என் எடத்த நானே நட்டுக்குறேன். நேரமானா ஆவட்டும். இன்னிக்கு உனக்கு இன்னாடி நஷ்டம்?"

சின்னவள் அந்தக் குத்தை எடுத்துத் தன் இடத்தில் வைத்தாள். நாங்கள் எங்கள் இடத்தை முடித்துக் கரையேறினோம். அக்கா மட்டும் கழனிக்குள் குனிந்திருந்தாள். "வீடு போய்ச் சேருங்கம்மா, மணியாச்சு" என்று கழனிக்காரர் விரட்டினார். யாரும் போகவில்லை. இறங்கி உதவி செய்யவும் ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. கடைசிக் குத்தை வைத்துவிட்டு அவள் நிமிர்கிறவரை பத்துப் பேரும் வரப்பிலேயே நின்றோம்.