விரதத்தில் குடித்த தே தாரேக்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம் கூலாய் ஊருக்கு வெளியே, எங்கள் வீட்டு வரிசையைத் தாண்டிப் போகும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண் சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை, பனி இன்னும் விலகாத நேரம். அன்று ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வராமல் போயிருந்தால், இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

எனக்கு இப்போது வயது அறுபத்தாறு. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையை விட்ட கையோடு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து ஒட்டிக்கொண்டது. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் மகள்தான், கொஞ்ச நாளைக்கு வீகனாகச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று ஆரம்பித்து வைத்தாள். கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய்யும் கூடாது என்றாள். கறியை விட்டது பெரிய கஷ்டமாக இல்லை. தயிரை விட்டபோதுதான் அழுகை வந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற என் கணவர், "ஆடு மாட்டுக்கெல்லாம் நீ சொந்தக்காரி ஆயிட்ட" என்று கேலி செய்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து ஆட்டுக்கறிப் பிரட்டல் சாப்பிடுவார். மனிதருக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது.

ஆனால் பருப்பும் கீரையும் தெம்பே என்கிற சோயாக் கட்டியும் எனக்கு ஒத்துப்போயின. உடம்பு லேசானது. நடக்கப் போனவள் மெல்ல ஓட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஓடியதற்குப் பிறகு பேருந்தைப் பிடிக்க மட்டுமே ஓடிய கால்கள் இவை. மூத்தோர் ஓட்டப் போட்டிகளில் பெயர் கொடுக்கும் அளவுக்குத் தைரியம் வந்தது. கிளினிக்கில் இருந்த சீன டாக்டரம்மா என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். வைட்டமின் மாத்திரை ஒன்றை மட்டும் விடாமல் போடச் சொன்னார். அன்று கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாத்திரை குறைந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் முன்பே வேண்டிக்கொண்டிருந்தேன். பாலே தொடாதவள் பால்குடம் எடுப்பதா என்று மகள் சிரித்தாள். பால் அவருக்கு, எனக்கில்லையே என்றேன்.

சிக்கல் வந்தது விரதத்தில். எங்கள் ஊரில் தைப்பூச விரதம் என்றால் முதலில் கறி மீனை நிறுத்துவார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கோழியை நிறுத்திவிட்டேன், மீனை நிறுத்திவிட்டேன் என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு குறை. வருடம் முழுக்க விரதச் சாப்பாடு சாப்பிடுகிறவள், முருகனுக்கென்று புதிதாக எதை விடுவது? யோசித்துப் பார்த்து, காலையில் பசியாறுவதையும் இரவுச் சாப்பாட்டையும் விட்டேன். மதியம் ஒரு வேளைதான். ஓட்டத்தை மட்டும் விடவில்லை. சர்க்கரை மாத்திரையையும் விடவில்லை, ஏனென்றால் டாக்டரம்மா ஒரு நாளும் தவறக்கூடாது என்று சொல்லியிருந்தார். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடுவேன். இதைக் கணவரிடமும் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. எனக்கும் முருகனுக்கும் நடுவில் அவர்கள் எதற்கு என்று எண்ணம்.

அந்த ஞாயிறு வழக்கத்தைவிட நன்றாகவே ஓடினேன் என்றுதான் முதலில் தோன்றியது. தோட்டத்துக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் கை நடுங்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது, ஆனால் அந்த வியர்வை சில்லென்று இருந்தது. இரண்டு பக்கமும் இருந்த செம்பனை மரங்கள் என்னை நோக்கிச் சாய்ந்து வருவதுபோல் தெரிந்தன. கால் பின்னிக்கொள்ள, சாலை ஓரத்து மண்மேட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிடச் சரிந்தேன் என்பதுதான் சரி. கைப்பேசியையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. யாரை, எப்படி என்று தெரியவில்லை.

அப்போது ஒரு மோட்டார் என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மா, தலையில் துடோங் முக்காடு, அதன்மேல் ஹெல்மட். மோட்டாரின் இரு பக்கக் கூடைகளிலும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். தோட்டத்து முச்சந்தியில் வேலைக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு விற்பவர் என்று பிறகு தெரிந்தது. என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். சின்ன வயதிலிருந்து மலாய் பேசுகிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு மலாய் வார்த்தைகூட வரவில்லை. தமிழில் எதையோ உளறினேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். உடனே மோட்டார்க் கொக்கியில் தொங்கிய பிளாஸ்டிக் பையை எடுத்தார். அவர் தனக்கென்று பையில் கட்டி வாங்கி வைத்திருந்த தே தாரேக் அது, டின் பால் ஊற்றிய இனிப்புத் தேநீர்.

உயிர் போகிற நேரத்திலும் அந்த நிறத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினேன். "விரதம், விரதம்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அது எப்படிப் புரியும்? என் தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, உறிஞ்சியை என் வாயில் வைத்தார்.

"மினும் டூலு, ஆன்ட்டி. மினும் டூலு."

முதலில் குடி, மற்றதெல்லாம் அப்புறம் என்கிற மாதிரி அந்தக் குரல் இருந்தது. குடித்தேன். சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மரங்கள் அதனதன் இடத்துக்குப் போயின. நடுக்கம் குறைந்தது. கணவரின் எண் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவே தன் கைப்பேசியில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். கணவர் வந்து சேரும்வரை, சேறும் சகதியுமான அந்த மண்ணில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டார். முச்சந்தியில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் பசியோடு வேலைக்குப் போயிருப்பார்கள், பொட்டலங்களும் விற்காமல் கிடந்திருக்கும். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். தன் கணவருக்கும் இதே நோய்தான், இப்போது அவர் இல்லை என்று மட்டும் சொன்னார். எங்கள் கார் வந்ததும் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நன்றி சொல்லக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

கிளினிக்கில் டாக்டரம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து ஓடினால் சர்க்கரை சர்ரென்று இறங்காமல் என்ன செய்யும், விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். மகள் அதற்கும் மேலே போய்விட்டாள். வீகனும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம், வீட்டில் உட்காருங்கள் என்று அழுதாள். எனக்கே பயம்தான். வாசலில் கிடந்த ஓட்டக் காலணியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இத்தனை வயதுக்கு மேல் திரும்பக் கிடைத்த உடம்பு, இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். போதாததற்கு விரதத்தை முறித்துவிட்ட குற்ற உணர்வு வேறு. விரத நேரத்தில் பால் தேநீர் குடித்தவள் பால்குடம் எடுக்கலாமா?

கணவர் முதல் முறையாகக் கேலி செய்யாமல் பேசினார்.

"முருகனே வந்து குடுத்திருக்காரு. பேசாம குடத்தை எடு."

எடுத்தேன். ஆனால் அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வந்தது முருகன் என்று சொல்லிவிட்டால், வியாபாரத்தை விட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு என்ன மிச்சம்?

தைப்பூசம் முடிந்ததும் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சோடு பேச்சாக, அன்று நான் விரதத்தில் இருந்ததையும், வழக்கமாகவே பால் தொடுவதில்லை என்பதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. "அலமாக்" என்று வாயில் கை வைத்தவர், தெரியாமல் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். என் உயிரைக் காப்பாற்றியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்து, விரதம் கெட்டதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர் மலாயில் சொன்னதை என்னால் முடிந்த அளவு தமிழில் சொல்கிறேன்.

"நாங்களும் நோன்பு இருப்போம், ஆன்ட்டி. உடம்பு முடியாதவங்க விடலாம்னு எங்களுக்கு இருக்கு. உங்க கடவுளும் அதை விட்டுக் கொடுத்திருப்பாரு."

இத்தனை நாள் என் நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சொல்லில்தான் இறங்கியது. வேறு சாமியைக் கும்பிடுகிற ஒருவர் வாயால் அது வரவேண்டியிருந்தது.

அடுத்த வாரம் போனபோது எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் வைத்திருந்தார். நாசி லெமாக் சோறு தேங்காய்ப்பாலில் வேகிறது, அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் நெத்திலியும், பெலாச்சான் என்ற கூனி இறால் விழுதும் இல்லாத சம்பலை மலாய்க்காரர் கடையில் கேட்பதே தப்பு. அவர் நான் கேட்காமலே சின்ன வாணலியில் வெங்காயமும் மிளகாயும் மட்டும் போட்டு எனக்காக வதக்கியிருந்தார். முட்டைக்குப் பதில் பொரித்த தெம்பே. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அந்தப் பொட்டலம் உண்டு.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டபடி, இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடுகிறேன். முதல் சில மாதம் கணவர் சட்டைப்பையில் மிட்டாயோடு மோட்டாரில் பின்னாலேயே வந்தார். ஓடுவதைவிட அவர் பேச்சைக் கேட்டபடி ஓடுவதுதான் கஷ்டமாக இருந்தது. மகளும் இறங்கி வந்தாள். பால், தயிர் பக்கம் நான் திரும்பவில்லை. போன வருடம் பத்து பாகாட் ஊரில் நடந்த மூத்தோர் ஓட்டத்தை முழுதாக ஓடி முடித்தேன். பதக்கமெல்லாம் கிடைக்கவில்லை. முடித்த எல்லோருக்கும் கொடுத்த துண்டு ஒன்றுதான் கிடைத்தது, அதைக் கணவர் எடுத்துக்கொண்டார்.

அங்கே என்னைவிட இளையவர்கள் சிலர் சூழ்ந்துகொண்டு, இந்த வயதில் எப்படி இப்படி ஓடுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். கீரை, பருப்பு என்று ஆரம்பிக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் அதற்கு முன் என்னையும் அறியாமல், எங்கள் தோட்டத்துச் சாலையில் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன், இன்றுவரை யார் கேட்டாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.