சிட்டிபாபு பார்த்த பீட்ரூட் நிறம்

எங்கள் தெருவில் நிறம் என்றால் சிட்டிபாபு சொன்னதுதான் சட்டம். முப்பது வருடமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ரவிக்கை புடவையோடு சேரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் கல்யாண வீடே ஆட்டம் காணும். எதிர் வீட்டில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிற நானும், என் வண்டி மஞ்சள் சரியான மஞ்சள் இல்லை என்று அவரிடம் பாட்டு வாங்கியவன்தான்.

போன வருடம் அந்த வீட்டுக்கு ஒரு கினி பிக் வந்து சேர்ந்தது. மகள் சுகாசினி பெங்களூரு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. வாலில்லாத, கொழுத்த, மூன்று நிறப் பிராணி, பெயர் மிக்ஸர். "எலிக்கெல்லாம் கூண்டு வெச்சி சோறு போடணுமா?" என்று முதல் வாரம் எகிறியவர், அடுத்த வாரம் அதற்குப் பாலக்கீரை வாங்க என் ஆட்டோவை நிறுத்தினார். தினமும் ஒரு கட்டு. மனைவி எல்லம்மாள் அக்காவுக்கு அவர் ஒரு முழம் பூ வாங்கிவந்து நான் பார்த்ததில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல். இரண்டு வருடமாக வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "சூடு. மோர் குடி," என்பார் சிட்டிபாபு. அவருடைய வைத்தியம் அத்தோடு முடிந்தது.

போன மாதம் ஒரு காலையில், கூண்டில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு திட்டு. அக்கா பதறிக் கத்த, நானும் ஓடினேன். சிட்டிபாபு துணியை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். சாயம் பார்க்கும்போது அவருக்கு ஒரு கண் மூடும். மூடியது.

"ரத்தம் இல்ல. பீட்ரூட்டு."

"ஊட்ல பீட்ரூட்டு வாங்கியே பத்து நாள் ஆவுது," என்றார் அக்கா.

"அன்னிக்குத் தின்னது இப்ப எறங்குது. சாயம்னா சும்மாவா? ரத்தம்னா அரக்குல போயி நிக்கும். இது மெஜந்தா அடிக்குது. இன்னா வெங்கடேசா?"

என்னைப் போய்க் கேட்டார்! நானோ மஞ்சளே தெரியாதவன்.

அதோடு விட்டாரா? துணியை சோப்புத் தண்ணீரில் கசக்கி, சாயம் ஓடுகிறது, ஆகவே பீட்ரூட்டேதான் என்று தீர்ப்பும் சொன்னார். மறுநாள் திட்டு பெரிதானது. "காய்க்காரன் ஹைபிரிட் குடுத்துக்கீறான்," என்றார். மூன்றாம் நாள் மிக்ஸர் கீரையைத் தொடவில்லை. மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்து, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகும்போதெல்லாம் கீச்சென்று அலறியது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன மகள் போனில், "மிக்ஸர் நல்லா இருக்குது இல்லப்பா?" என்று கேட்க, "சூப்பரா இருக்குதும்மா," என்கிறார் இவர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்ததும் அவர் கூண்டுக்குள் கைவிட்டு மிக்ஸரைத் தடவியதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அடுத்த அலறலில் அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார்.

"யோவ், கலர நீ பாரு. இது இன்னா வலின்னு எனக்குத் தெரியும். வெங்கடேசா, வண்டிய எடு!"

கால்நடை டாக்டர் ஆஷிஃபா எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். கறுப்புப் படத்தில் வெள்ளையாக, பட்டாணி அளவில் ஒரு கல். சிட்டிபாபு வழக்கம்போல ஒரு கண்ணை மூடினார். பார்க்க அதில் நிறம் ஏதும் இல்லை.

"சிறுநீர்ப்பையிலேர்ந்து எறங்கி மூத்திரம் போற வாசல்ல மாட்டிக்கினு இருக்குது. பொட்டைங்கிறதால மயக்கம் குடுத்து இங்கியே எடுத்துடலாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா செத்துப் போயிருக்கும். தினம் பாலக்கீரையெல்லாம் வேணாம், புல்லு போடுங்க. தண்ணி என்ன குடுக்குறீங்க?"

"போர் தண்ணி. ஊட்ல எல்லாரும் குடிக்கிறதுதான்," என்றார் சிட்டிபாபு.

"உப்பா?"

"ஐயோ, செம உப்பு! சாயப் பட்டறையில அதச் சேர்க்கவே மாட்டேன் டாக்டரம்மா. அதுல முக்குனா சாயம் திட்டுத் திட்டா நிக்கும், பட்டு மினுங்காது. பட்டுக்குன்னு தனியா லாரியில நல்ல தண்ணி..." பெருமையாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தண்ணி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "ஆனா அந்த நல்ல தண்ணியில இதுக்கும் கொஞ்சம் வைங்களேன்."

மிக்ஸர் பிழைத்தது. மறுநாளே பட்டறையிலிருந்து மொபெட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தது. சிட்டிபாபு கூண்டு பாட்டிலை நிரப்பிவிட்டுக் காத்திருந்தார். துணி நனைந்ததும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"எலுமிச்சை மஞ்சள்! வெங்கடேசா, பாருடா, சுத்தமான எலுமிச்சை!"

தெருவே சிரித்தது. எல்லம்மாள் அக்கா மட்டும் சிரிக்காமல், காலிச் சொம்போடு உள்ளேயிருந்து வந்து குடத்தின் பக்கத்தில் நின்றார்.

"முப்பது வருஷமா பட்டுக்கு ஊத்துன. இன்னிக்கு எலிக்கு ஊத்துற. மிச்சம் இருந்தா எனக்கும் ஊத்துய்யா."

சிட்டிபாபு துணியைக் கீழே போட்டார். குடத்தைத் தூக்கிச் சொம்பில் சாய்த்தார். சாய்த்த அவசரத்தில், பட்டுக்கு உரிய தண்ணீரில் பாதி தரையில் போயிற்று.