செவலை கடிக்கவே இல்லை

போன வருஷம் தை மாதம், கோவில்பட்டியிலிருந்து ஓட்டப்பிடாரம் வழியாகப் புதியம்புத்தூர் போகிற காலைப் பேருந்தில் நடந்தது இது. நடுவில் கரிசல் காட்டுக்குள் இருக்கிற எங்கள் ஊர் விலக்கில் நான் ஏறுவேன். புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. அதே கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிற ஒரு தங்கச்சி எனக்கு முந்தின நிறுத்தத்திலேயே ஏறி, எதிர் சீட்டில் தன் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். பாசத்தால் அல்ல. சண்டை போட ஆள் வேண்டுமே!

சண்டை ஒரு டிவி தொடரைப் பற்றி. செத்தவர்கள் எழுந்து நடந்து உயிரோடு இருக்கிறவர்களைக் கடிக்கிற ஜாம்பி கதை. தமிழில் டப் செய்து வருஷக்கணக்காக ஓடுகிறது. எங்கள் இருவருக்கும் அதில் பைத்தியம். கண்டக்டர் அண்ணாச்சிக்கும் அதே பைத்தியம்தான். டிக்கெட் கிழித்து முடித்ததும் வந்து கம்பியில் சாய்ந்துகொள்வார்.

புது சீசனில்தான் வினை வந்தது. அதுவரை ஜாம்பி கடித்தால்தான் நோய். இதில் ஒரு முக்கியமான ஆளுக்குக் கடியே இல்லாமல், எச்சில் காயத்தில் பட்டதற்கே நோய் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"எழுதுறவனுக்குச் சரக்கு தீந்துபோச்சும்மா. கடிச்சாத்தான் வரும்னு இத்தன வருஷமாச் சொல்லிட்டு, இப்ப மாத்துனா பாக்குறவன் என்ன கேணையனா?" என்பேன்.

அவள் விடமாட்டாள். "பல்லுக்குப் பயந்தா ஓடித் தப்பிச்சிரலாம் அண்ணாச்சி. எச்சிக்குப் பயந்தா எங்க ஓட? இப்பத்தான் எனக்கு நெசமாவே பயமா இருக்கு" என்பாள். கண்டக்டர் யார் பக்கமும் சேராமல், "எப்படிப் பாத்தாலும் கதைய இழுக்கான்யா" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதுவார்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் நான். வீட்டிலும் இதையே பேசிப் பேசி, அடுத்த வீட்டுக்காரர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். அன்றைக்குக் காலையில், தங்கச்சி வாயை அடைக்க என்னிடம் ஒரு நல்ல ஆதாரம் இருந்தது. என் வலது கைதான் அந்த ஆதாரம்.

இரண்டு நாளாக எங்கள் செவலைப் பசு தீவனம் எடுக்கவில்லை. வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகியது. குரல் கம்மி, ஒரு மாதிரி கத்தியது. மக்காச்சோளம் ஒடிக்கிற நேரம். கதிரை முழுசாக விழுங்கித் தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்தோம். மாடு வைத்திருக்கிற யாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அன்று விடியற்காலையில் என் மனைவி தாடையைப் பிளந்து பிடித்துக்கொள்ள, நான் கையை உள்ளே விட்டுத் துழாவினேன். கதிர் எதுவும் இல்லை. கடைவாய்ப் பல் உரசி புறங்கையில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். வேட்டியில் துடைத்துவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பிவிட்டேன்.

"இங்க பாரு, காலைல கை பூரா அது எச்சி. கீறலும் இருக்கு. எனக்கு என்ன வந்திருச்சு?" என்று கையை நீட்டினேன். வழக்கம்போலச் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், சிரிப்பு நின்றுபோய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடு தண்ணி குடிக்குதா அண்ணாச்சி?"

"தொண்டை அடைச்சிருக்குல்லா, எப்படிக் குடிக்கும்?"

"நாய் எதுவும் கடிச்சுதா அத?"

கார்த்திகையில் ஒரு தெருநாய் தொழுவத்துக்குள் புகுந்து செவலையின் பின்னங்காலைப் பிடித்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மஞ்சள் அப்பி விட்டோம், ஆறிவிட்டது, மறந்தும் விட்டோம். அதைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அவள் ஊரில் ஒரு கன்றுக்குட்டி இப்படித்தான் எச்சில் ஒழுக்கிச் செத்ததாம். வெறிநோய் என்று சொல்லி, மாட்டு டாக்டர் அந்த வீட்டில் எல்லோரையும் ஊசி போட அனுப்பினாராம்.

"அது கடிக்கலயே" என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது.  அந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடிக்கப் பயம், மடியில் வைக்கப் பயம். ஓடுகிற பேருந்தில் கையைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்டக்டர் விசில் ஊதி, ஓட்டப்பிடாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்த வைத்தார். "ஒண்ணும் ஆகாதுய்யா, போங்க" என்றார். அவர் குரலும் சரியில்லை. தங்கச்சி வேலைக்குப் போகாமல் என்னோடு இறங்கிக்கொண்டாள்.

குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவச் சொன்னார்கள். கீறலைச் சுற்றி ஊசி, தோளில் ஊசி. டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "வேற யாராவது மாட்டைத் தொட்டீங்களா?" என்று கேட்டார். அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்த நான் அந்த நிமிஷம்தான் உண்மையில் பயந்தேன். தாடையைப் பிளந்து பிடித்தவள் என் மனைவி. புல் அறுக்கும்போது பண்ணரிவாள் பட்டு அவள் விரலில் வெட்டுக்காயம் இருந்தது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் அழுகிற குரலில் எடுத்தாள்.

"செவல போயிருச்சுங்க. மூஞ்சியெல்லாம் ஒரே நொரை. தொடச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஏட்டி, கைய எடு! தொடாத!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. விஷயத்தைச் சொல்லி, உடனே கையைக் கழுவிவிட்டுக் கிளம்பி வா என்றேன்.

"எதுக்கு? அது கடிக்கவே இல்லையே. கடிச்சாத்தான வரும்? நீங்கதான நெதமும் சொல்லுவீங்க" என்றாள்.

என் வசனம். அதே அழுத்தம், அதே பிடிவாதம்.  இத்தனை நாள் எதிர்ப்பக்கம் பேசிய தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள். அவள் சொன்னது ஒன்றும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "நான் சொன்னது தப்பு, நீ வந்துரு, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். நான் அழுது என் மனைவி கேட்டதில்லை.  "வாரேன்" என்றாள்.

அவள் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் ரோட்டுக்கு ஓடினேன். தங்கச்சி 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் என் மனைவி வந்து இறங்கி, அவளுக்கும் ஊசி போட்டு முடிந்த பிறகுதான், தங்கச்சி சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பின்னால் வந்து பார்த்த மாட்டு டாக்டரும் அறிகுறியைக் கேட்டுவிட்டு வெறிநோயாகத்தான் இருக்கும் என்றார். செவலையை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், எல்லாத் தவணை ஊசியையும் விடாமல் போட்டால் பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போட்டோம். ஆனால் பயம் தவணை பார்த்தா போகும்? இந்த நோய் வந்தால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பேன். என் மனைவி சொம்பைத் தூக்கினால், அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்வரை அவளையே பார்ப்பேன். "என்ன முழிச்சு முழிச்சுப் பாக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று சாப்பிடும்போது நான் டம்ளரை எடுத்தேன். அவள் கையில் சோற்றோடு என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் தாண்டி வந்துவிட்டோம். இருவரும் நன்றாக இருக்கிறோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் பிழைத்தேன். அதுவும் எதிரே உட்கார்ந்தவள் என்னை மறுத்துப் பேசியதால். 'ஆமாம் அண்ணாச்சி, நீங்க சொல்லுததுதான் சரி' என்று முதல் நாளே அவள் தலையாட்டியிருந்தால், நான் கையை நீட்டியிருக்கவே மாட்டேன். தொடர் இன்னும் ஓடுகிறது, பேருந்தில் சண்டையும் ஓடுகிறது. இப்போது அவளுக்கு நான் இடம் பிடித்து வைக்க வேண்டும் என்று ஆசை, அதற்காகக் கோவில்பட்டி வரைக்கும் போயாவது அவளுக்கு முன்னால் ஏறிவிடலாமா என்று பார்க்கிறேன். ஆனால் எத்தனை சீசன் வந்தாலும், விடியற்காலையில் அடுப்படியிலிருந்து என் மனைவி மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.