கிளட்சை விட்டுக் கணக்குக்கு வந்த அண்ணன்

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரை வாங்கிப் புரட்டும் உங்களில் சிலருக்கு அண்ணன் டிரெய்லர் டிரைவர். சிலருக்கு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கணக்கர். இரண்டும் ஒரே ஆள்தானா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஒரே ஆள்தான். நடுவில் நடந்ததைக் கூட இருந்து பார்த்த தங்கை நான் எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் சத்தம் ஓயாத தெருவில், எங்கள் பெற்றோருக்கு மூத்தவராக அண்ணன் பிறந்தார். அப்பா காலமானதும் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவரானார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லரை அவர் ரிவர்ஸ் எடுக்கும் அழகே தனி. என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்த ஸ்டீயரிங்தான். வாரம் ஒருமுறையாவது அதை எனக்கு நினைவூட்டாமல் இருக்க மாட்டார்.

சர்க்கரை நோய் இடது காலில் கை வைத்தது. விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாத டிரைவருக்கு என்ன வேலை இருக்கிறது? அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாரிடமும் கேட்காமல் திருவொற்றியூரில், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதக் கற்றுத்தரும் ஒரு டேலி வகுப்பில் பணம் கட்டிவிட்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில்!

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள். "அங்கிள்" என்பார்கள். சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கு அவரில் பாதி வயது; மிஸ் உள்ளே வந்தால் அண்ணன் எழுந்து நிற்பார். கணக்கை விடக் கீபோர்டுதான் அவரைப் பாடாய்ப்படுத்தியது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் பாடம் நடக்கும். "மீனு உள்ள வந்துச்சு, டெபிட். துட்டு வெளிய போச்சு, கிரெடிட்" என்பார்.

"அப்போ என்னிய இன்னாய்யா எய்துவே?" என்று அண்ணி கேட்டார்.

"நீதான் கேப்பிட்டலு. நீ போட்டதுலதான இந்த வூடே ஓடுது" என்றார். அண்ணி அன்று அவருக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தார்.

அவர் வண்டி ஓட்டிய கம்பெனி முதலாளியே ஆபீஸில் வேலை கொடுத்தார். "மூணு மாசம் பாக்குறேன். செட் ஆனா இருக்கட்டும்" என்று சொல்லித்தான் சேர்த்தார். முதல் மாதமே அண்ணன் வசமாகச் சறுக்கினார். டிரிப்புக்குக் கிளம்பும் டிரைவருக்கு முன்பணம் கொடுப்பார்கள். அவர் திரும்பி வந்து செலவுச் சீட்டு கொடுத்துக் கணக்கை முடிக்கும்வரை அந்தப் பணம் அவர் பெயரில்தான் நிற்க வேண்டும். அண்ணனோ கொடுத்த அன்றே அத்தனையையும் செலவில் எழுதிவிட்டார்.

"இன்னாப்பா இது, ஒரு டிரைவர் பேர்லயும் பாக்கியே இல்ல?" என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

"வண்டி கேட்டத் தாண்டிச்சுன்னா அது போன துட்டுதான சார்" என்றாராம் அண்ணன். இத்தனை வருடம் வாங்கும் பக்கமே நின்றவர் வேறெப்படி எழுதுவார்?

அந்த மாதத்துக் கணக்கைத் திருத்த, பழைய கூட்டாளிகளிடமே போய்ச் சீட்டு கேட்க வேண்டியதாயிற்று. ஒரே வண்டியில் அவரோடு மாற்றி மாற்றி ஓட்டிய ரஹீம் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "சேர்ல குந்தினதும் எங்கிட்டயே கணக்கு கேக்குறியா மாமு?" என்று கேட்டவர், அதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அண்ணன் விடவில்லை. பஞ்சருக்கும் கயிற்றுக்கும் யார் பில் கொடுப்பார்கள் என்று முதலாளியிடம் வாதாடி, டிரைவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சம்மதம் வாங்கினார். டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கே நொண்டிக்கொண்டு போய், கேபினில் ஏறி உட்கார்ந்து, மறப்பதற்குள் கேட்டு எழுதிக்கொள்வார். வேலை நிலைத்தது. மற்றவர்கள் சமாதானமானார்கள். ரஹீம் பாயும் கணக்கை ஒழுங்காக முடிப்பார். ஆனால் அண்ணனை "சார்" என்றே கூப்பிட்டார்.

அது அண்ணனைத் தின்றது. "பாப்பா, அவன் என்னிய டிரைவராவே நெனைக்கல. அவன் லிஸ்டுலர்ந்து என்னிய எடுத்துட்டான்" என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். விரல்கள் போனபோது கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சிறுநீரகமும் கைவிட்டு, சென்ற ஆண்டு அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார். கடைசி வாரம் வரை மாதக் கணக்கை முடித்தாகிவிட்டதா என்று ஆபீஸுக்குப் போன் செய்தார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மிஸ், மருத்துவச் செலவில் தோள் கொடுத்த முதலாளி, துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். டிரைவர் ஒருவர் தவறினால், அவரோடு வண்டி ஓட்டியவர்தான் கடைசி வண்டியை ஓட்ட வேண்டும் என்பது அண்ணனின் கூட்டாளிகளுக்குள் ஒரு வழக்கம். ஆபீஸ்காரர்களுக்கு அப்படிச் செய்வதில்லை. அன்று அமரர் ஊர்தி எங்கள் வாசலில் வந்து நின்றதும் ரஹீம் பாய் நேராக முன்கதவைத் திறந்தார்.

"எறங்கு நைனா. இவுரு எங்க டிரைவரு. நான்தான் ஓட்டுவேன்" என்று ஊர்தியை ஓட்டி வந்தவரிடம் சொன்னார். ஏறி உட்கார்ந்ததும் பின்னால் திரும்பி, "போலாமா மாமு?" என்று கேட்டார்.

பாய், அதை அண்ணன் கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. உங்களுக்கு எங்கள் நன்றி.