சூட்டுக்கை அக்கா

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார். சூடு போதவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்க்கிறார். திரைக்கு வெளியே பெண்கள் வரிசை பொறுமையில்லாமல் நெளிகிறது. "ஒரு நிமிஷம்மா, கை ஜில்லுனு கிடக்கு" என்று உள்ளிருந்தே குரல் கொடுக்கிறார்.

சிறைச்சாலையின் பார்வையாளர் வாசலில், பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புவது இவருடைய வேலை. ஜன்னல் இல்லாத சிமெண்ட் அறை, ஒரு நீலத் திரை, கைப்பையை மாட்டச் சுவரில் ஓர் ஆணி. வெயில் காலத்திலும் அந்த அறை குளிர்ந்துதான் கிடக்கும். மகனையோ புருஷனையோ கம்பிக்குப் பின்னால் பார்க்க வந்தவள் மேல் முதலில் படுகிற அரசாங்கத்தின் கை தன்னுடையது என்பது இவருக்குத் தெரியும். அது சில்லென்று பட வேண்டாம் என்று பார்க்கிறார். வந்து போகிறவர்கள் வைத்த பெயர்தான் சூட்டுக்கை அக்கா.

தொடுவதற்கு முன் சொல்லிவிடுவார். "இப்ப தோள்மா." "இப்ப இடுப்பு." சொல்லாமல் விரல் நகராது. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டி வைத்திருப்பார். சோதிக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். முடிந்த பிறகுதான் நிமிர்ந்து, "போயிட்டு வாங்க" என்பார். மகனைப் பார்க்க வருகிற ஒரு வாயாடி அம்மாள் வரிசையில் நின்றபடியே சொன்னாள்: "டாக்டர்கிட்ட போனாகூட இம்புட்டு மரியாதை கிடைக்காதுடியம்மா."

சொல்லாமல் கை வைக்காத இந்தப் பழக்கம் வீட்டில் வேறு விதமாக வெடிக்கும். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வாய் மணக்க எப்போதும் புதினா மிட்டாய் வைத்திருப்பார். துவைக்கப் போடும் சட்டைப் பையில் அக்கா கைவிட்டுப் பார்ப்பதில்லை. மிட்டாய் கரைந்து, வீட்டுத் துணி மொத்தமும் புதினா வாசனையோடு கொடியில் ஆடும்.

"ஊர் பையெல்லாம் துழாவுறே, புருஷன் பையைப் பாக்க மாட்டேங்கறே."

"அங்க பாக்கச் சொல்லி உத்தரவு இருக்கு. உங்க பையில கைவிடச் சொல்லி யாரு சொன்னா?"

இப்படி இருக்கையில் ஒரு நாள் சிறைக்குள் ஒரு பையன் செத்துப்போனான். பார்க்க வந்த யாரோ உடம்பில் மறைத்து எடுத்து வந்த போதை மாத்திரைகள். அவனுடைய அம்மாவிடம் போய்ச் செய்தி சொன்னது பெண் கண்காணிப்பாளர்தான். அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த பார்வை நாளில் உத்தரவு வந்தது: உள்ளே போகிற பெண்கள் எல்லாரும் திரைக்குப் பின்னால் உடுப்பு முழுவதையும் களைந்து காட்ட வேண்டும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கண்காணிப்பாளரே வந்து வெளியே நின்றார்.

வரிசையில் முதலாவதாக ஓர் இளம்பெண். பிரசவமாகி மாதம் நிறையவில்லை. கைக்குழந்தையையும் மூத்தவளையும் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, குழந்தையின் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். உத்தரவைக் கேட்டதும் முகம் வெளிறியது. ஆனாலும் சட்டைப் பொத்தானில் கை வைத்தாள். பொத்தான் வழுக்கிக்கொண்டே இருந்தது. மார்புப் பக்கம் பால் கசிந்து துணி நனைந்திருந்தது.

"பரவாயில்லக்கா. அவரைப் பாக்கணும்."

அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ பரவாயில்லைன்னு சொல்லலாம்மா. நான் சொல்லக் கூடாது."

வழக்கம்போல் துணியோடு தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரையை விலக்கி வெளியே வந்து, "பாத்தாச்சு மேடம்" என்றார்.

"உத்தரவுப்படியா?"

பொய் சொல்லியிருக்கலாம். திரைக்குள் நடந்ததை யார் பார்த்தார்கள்? அக்காவுக்கு நாக்கு புரளவில்லை. "இல்ல மேடம். எப்பவும் போலத்தான்."



"உள்ளே ஒரு பையன் செத்திருக்கான். நாளைக்கு இன்னொருத்தன் செத்தா யார் பதில் சொல்றது? நீயா?"

 அக்கா மெல்லச் சொன்னார்: "மேடம், அவன் செத்தது எனக்கும் மனசுல கிடக்கு. ஆனா தண்டனை உள்ளே இருக்கிறவருக்குத்தானே? இந்தப் பொண்ணு சும்மா பாக்க வந்தவ. சந்தேகம்னா அதைச் சொல்லிக் கேக்கலாம். எல்லாரையும் அவுக்கச் சொல்ல எனக்குக் கை வரல."

"நகரு. நானே பாத்துக்கறேன்."

கண்காணிப்பாளர் திரைக்குள் போனார்.  கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அனுப்பு" என்றார். பின்னால் அந்தப் பெண் வந்தாள். மேல் பொத்தான்கூட அவிழ்ந்திருக்கவில்லை.

உத்தரவு அன்று சாயங்காலமே 'சந்தேகம் இருந்தால் மட்டும்' என்று மாறியது. ஆனால் வரிசை முழுக்கப் பார்த்திருக்க 'கை வரல' என்றவரை அதே இடத்தில் வைத்திருக்க முடியுமா? அடுத்த வாரமே அக்காவை வெளி வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். வண்டி வந்தால் குறுக்குக் கம்பத்தைத் தூக்குவது, போனால் இறக்குவது. நிழல் கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "இங்க கை தானாவே சூடாயிடுது, விடுங்க" என்று சிரித்து மழுப்பினார். இருந்தாலும், பெண்கள் வரிசை உள்ளே நகரும்போது கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. இப்போது திரைக்குள் யார், எப்படித் தொடுகிறார்களோ என்ற கவலை வீடுவரைக்கும் கூடவே வருகிறது.

ஒரு விடுமுறை நாளில், சாதாரண உடுப்பில் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். எதிரே அந்த இளம்பெண், தோளில் தூங்கும் கைக்குழந்தை, பக்கத்தில் மூன்று வயது மூத்தவள். வாராவாரம் அம்மாவோடு சிறைக்கு வந்து பழகிய குழந்தை. அக்காவைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். நின்றாள். கால்களை அகட்டிக்கொண்டு, சோதனைக்கு நிற்பதுபோல் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள்.

அவள் அம்மா கூசிப்போய், "ஏய், இது கடைத்தெருடி" என்றாள்.

அக்கா காய்கறிப் பையைத் தரையில் வைத்தார். தூக்கச் சொல்லித்தான் குழந்தை கை நீட்டுகிறது என்பதுபோல, அக்குளில் கைகொடுத்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.