வீதியைத் தாழ்த்திய போயா நாள்

வீதி முறைப்பாடுகளை இனி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று மாநகரசபையில் எங்கள் பிரிவு அறிவித்தபோது, படங்கள்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வெள்ளவத்தையிலிருந்து படங்கள் வந்தன. குழிக்குப் பக்கத்தில் அளவு காட்ட அடிமட்டம் வைத்து எடுத்தவைகூட இருந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவை குரல்கள். பின்னால் கோயில் மணி அடிக்கும், குழந்தை அழும், யாரோ ஒருவர் "அதையும் சொல்லு, அதையும் சொல்லு" என்று தூண்டிக்கொண்டிருப்பார்.

அந்தத் தமிழ்க் குரல்களைக் கேட்டு எழுதித் தரும் வேலை, தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து சில மாதங்களேயான எனக்கு வந்தது. ஒரு காலை இப்படியொரு குரல்:

"தம்பியோ தங்கச்சியோ, யாரு கேக்கிறீங்கன்னு தெரியாது. எங்க ரோட்டுக்கு மறுபடியும் காபட் போடப் போறீங்களாம். கடவுளேன்னு போடாதீங்க."

திரும்பப் போட்டுக் கேட்டேன். வீதி வேண்டும் என்று அழுகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். வேண்டாம் என்கிறவரை அன்றுதான் கேட்டேன். அந்த நம்பருக்கு அழைத்து இடம் கேட்டு, அடுத்த நாளே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டேன்.

போனதும் விளங்கியது. அந்தக் குறுகிய ஒழுங்கைக்குக் காபட் என்கிற தார்க் கலவையைப் படை மேல் படையாகப் போட்டு, வீதி வருடத்துக்கு வருடம் வளர்ந்திருந்தது. வசதியுள்ளவர்கள் வீதியோடு போட்டிபோட்டுத் தங்கள் தரையையும் உயர்த்தியிருந்தார்கள். அதற்கு வழியில்லாமல் கீழேயே நின்றுவிட்டது ஒரு வீடு. அங்கே இடியப்பம் அவித்து விற்கும் அக்காதான் அந்தக் குரல். அவருடைய வாசலுக்குப் படியிறங்கித்தான் போகவேண்டும். மழை பெய்தால் தண்ணீரும் அதே படியால் இறங்கும். மழைநீர் ஓடும் கான் எதிர்ப்பக்கம் இருந்தும் பயனில்லை. வீதியின் சாய்வு முழுக்க அக்கா வீட்டுப் பக்கம்.

"இந்த மழைக்கும் தண்ணி வந்திச்சின்னா வத்தளைக்கு, தம்பி வீட்டுக்குப் போயிருவேன்," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உடுப்புப் பெட்டி கட்டி அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது.

"அங்க போய் இடியப்பம் விக்கலாம்தானே, அக்கா?"

"அங்க யாருக்கு என்னைத் தெரியும்?"

அந்தச் சமயம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருந்தது. பழைய காபட்டைச் சுரண்டி எடுக்கும். அதன் பிறகு மெல்லியதாகப் புதியது போட்டால் வீதி உயராது, சாய்வையும் கான் பக்கம் திருப்பலாம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் அது வேலை செய்துகொண்டிருந்தது. எங்கள் பொறியியலாளர் மிஸ்ஸிடம் நான் கெஞ்சாத குறை. "போயா விடுமுறையன்று ஒரு நாள் இயந்திரத்தைத் தரலாம். ஆனால் ஒழுங்கை முழுதும் சம்மதிக்க வேண்டும். வீட்டு வாசல்களைத் தொடுகிற வேலை இது," என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்.

அன்று வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் கிராண்ட்பாஸ் பகுதி முழுவதும் "மகன் ரோடு போடுறான்" என்று சொல்லித் திரிகிற அம்மா, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரோடு போடத்தானே இவ்வளவு படிச்ச?"

"இல்லம்மா, சுரண்டுறதுக்கும்தான்."

"அதுக்கு படிப்பு எதுக்கு? மம்பட்டி போதுமே!"

ஞாயிறு பூசை முடிந்து சனம் வரும் நேரம், மட்டம் பார்க்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி ஒழுங்கை நடுவில் நின்றேன்.

"என்ன தம்பி, கல்யாண வீட்டு வீடியோவா?" என்றார் அக்காவின் எதிர்வீட்டு த்ரீவீல்காரர்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வீதியின் குறுக்குச் சாய்வு காரணமாக மழைநீர் வடிந்தோடும் திசையானது..." என்று தொடங்கினேன்.

"தம்பி, நியூஸ் வாசிக்காம சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரோட்டை இறக்கப் போறம்" என்றேன். சிரிப்பு நின்றது.

த்ரீவீல்காரர்தான் முதலில் பாய்ந்தார். அவர் வாகனத்தை இரவில் வீட்டு முன்னறைக்குள் ஏற்றி நிறுத்துகிறவர். "ரோட்ட எறக்கினா என்ட வண்டி எப்பிடி உள்ள ஏறும்? தோள்ல தூக்கிட்டுப் போறதா?"

"வெளிய நிப்பாட்டினா என்ன? பனியில நனைஞ்சு வண்டிக்குத் தடிமன் புடிக்குமோ?" என்று கீழிருந்து அக்காவின் குரல்.

"அக்கா, நீங்க இடியப்பத்தைப் பாருங்க."

"எப்பிடிப் பாக்கிறது? ஒன் வண்டி குளிச்ச தண்ணி என் அடுப்புக்கு வருது!"

"பொய்!"

பகல் வெளிச்சத்தில் கருவி வீசும் பச்சை ஒளிக்கோடு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அதனால், "அண்ணே, ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, பாப்பம்," என்றேன். வீறாப்பாக வாளியைக் கொண்டுவந்து தன் வாசலிலேயே கவிழ்த்தார். தண்ணீர் அவர் பக்கத்துக் கானைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீதியைக் குறுக்கே கடந்து, அவசரமே இல்லாமல், அக்காவின் படியில் ஒவ்வொன்றாக இறங்கியது.

"அப்போ இவ்வளவு நாளும் நாங்க தின்ன இடியப்பம்..." என்று கூட்டத்தில் ஒருவர் இழுத்தார்.

"அதான் அந்த ருசி!" என்றார் இன்னொருவர்.

அக்காவே சிரித்துவிட்டார். த்ரீவீல்காரர் தலையைச் சொறிந்தார். "சரி. என்ட வண்டி ஏறும்னு காட்டுங்க, சம்மதம். ஏறல்லன்னா பழைய மாதிரி காபட் போட்டுட்டுப் போயிருங்க."

வீதி இறங்கினால் அவர் வாசல் எவ்வளவு உயரத்தில் நிற்குமோ, ஏறக்குறைய அதே உயரம் ஒழுங்கை முனையிலிருந்த கோயில் மண்டபத்து விறாந்தைக்கு. அங்கே இரண்டு தடித்த பலகைகளைச் சாய்த்துவைத்தோம். அவர் வண்டியை முடுக்கினார். பாதி ஏறியதும் இயந்திரம் நின்று, வண்டி மெதுவாகப் பின்னால் வந்தது. நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி ஏறும் சாய்வு கானுக்கு வீட்டுப் பக்கமே முடிந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கானின் கொங்கிறீட் மூடியையே சாய்வாக வார்த்தால்? ஏறும் தூரம் கூடும், ஏற்றம் குறையும். மிஸ்ஸுக்கு அழைத்தேன். "செய்யலாம். ஏறினால் வீடியோ அனுப்பு," என்றார். பலகைகளின் நுனியைக் கான் மூடியின் அகலமளவுக்கு வெளியே இழுத்து, அடியில் செங்கல் வைத்தோம்.

இரண்டாம் முறை ஒழுங்கையே "ஏறு, ஏறு, ஏறு!" என்று கத்தியது. வண்டி உறுமி ஏறி விறாந்தையில் போய் நின்றது. த்ரீவீல்காரர் இறங்கி, ஏதோ போட்டியில் வென்றவர்போல இரண்டு கையையும் தூக்கினார். வீடியோவில் கடைசிப் பகுதி ஆடியிருக்கிறது. அது நான் குதித்தது.

மற்ற வீட்டாருக்கும் படி வேண்டும் என்றார்கள். வேறொரு வீதியில் கழற்றிப்போட்டிருந்த பழைய கருங்கல் துண்டுகளை மிஸ் அனுப்பிவைத்தார். தண்ணீர்க் குழாய்கள் எந்த ஆழத்தில் போகின்றன என்று கையால் தோண்டிப் பார்த்துக்கொண்டோம்.

போயா காலையில் வெள்ளவத்தையிலிருந்து இயந்திரம் வந்து இறங்கியபோது, தேர்த் திருவிழாபோலக் கூட்டம். சுரண்டிய ஓரத்தில் பழைய காபட்டுகள் வரிவரியாகத் தெரிந்தன. "தொதல் இனிப்பு வெட்டின மாதிரியே இருக்கு," என்றார் ஒருவர். ஒரு பெரியம்மா குனிந்து ஒரு வரியைத் தொட்டுக்காட்டி, "இது நான் கல்யாணம் முடிச்சி வந்த வருசம் போட்டது," என்றார். அவருடைய கணவர், "அதான் சீக்கிரமே வெடிச்சிப் போச்சு," என்று சொல்லி அடி வாங்கினார்.

வீதி இறங்க இறங்க அக்காவின் வீடு மேலே வருவதுபோலிருந்தது. பின்னேரம், புதிய காபட்டுக்கு இடம் விட்டு, வீதி வாசலுக்குச் சற்றே கீழே நின்றது. அக்கா வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், மறுபடியும் வெளியே வந்தார். சும்மா, நடந்து பார்க்க.

புதிய காபட் போட்டு, கான் மூடிகள் வார்த்து முடிந்த பிறகும் மழை வரவில்லை. நான் நாளுக்கு நாள் பயந்துகொண்டிருந்தேன். கணக்கு சரிதான், ஆனால் தண்ணீர் என் கணக்கைப் படிக்கவில்லையே. ஒரு பின்னேரம் வானம் கறுத்தது. குடையையும் மறந்து பஸ்ஸில் தொற்றினேன்.

போய்ச் சேரவும் கொட்டத் தொடங்கியது. கிரிக்கெட் பார்ப்பதுபோல ஒழுங்கைச் சனம் முழுவதும் வாசல்களில் நின்றது. மேலிருந்து தண்ணீர் பழுப்பாக வந்தது. அக்கா வீட்டுக்கு நேரே ஒரு கிளை பிரிந்து வாசலை நோக்கி நீள, எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். அது கொஞ்சத் தூரம் வந்தது, நின்றது, பிறகு வளைந்து மற்றப் பக்கம் திரும்பி, கானுக்குள் தடதடவென்று விழுந்தது.

"போகுது! போகுது!" என்று த்ரீவீல்காரர் கத்தினார். யாரோ கைதட்டினார்கள். நனைந்து நின்ற என் தோளில் யாரோ ஓங்கித் தட்டினார்கள்.

அக்கா உள்ளே போய்த் தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, வத்தளைத் தம்பிக்குப் போன் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"டேய் தம்பி, எனக்கு கட்டில் ஒண்ணும் போட வேணாம்... ஓம், மழைதான். பேய் மழை... தண்ணிச் சத்தம் கேக்குதா?" என்று போனை மழைக்கு நேரே நீட்டிப் பிடித்துவிட்டு, மறுபடி காதில் வைத்தார். "அது ரோட்டுலடா. வீட்டுல இல்ல."